எமனும் ஆங்கிலம் பேசட்டும்

ஒக்டோபர் 31ஆம் திகதி மேலைநாட்டுப் பிள்ளைகள் பேய் வேஷம் போட்டு, வீடு வீடாகப் போய் இனிப்புக் கேட்பார்கள். அதுதான் ஹலோவீன். நம் மலையகப் பாடசாலைகளுக்கு ஆங்கிலம் கற்பிக்க வரும் வெளிநாட்டவர்கள் சிலர் அந்தக் கொண்டாட்டத்தை வகுப்புக்கும் கொண்டுவருகிறார்கள். "படிக்கப் போன பிள்ளைக்குப் பேய் விளையாட்டு எதற்கு?" என்று பெற்றோர் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி.

பட்டிப்பொலப் பக்கத்தில் அப்படியொரு வகுப்பைப் பார்த்தேன். இலங்கையிலேயே மிக உயரமான புகையிரத நிலையம் அங்கேதான், 6,226 அடி. மத்தியானமே மூடுபனி இறங்கிவிடும். பிள்ளைகள் ஸ்வெட்டருக்கு மேல் அம்மாவின் பழைய சேலையைச் சுற்றி, முகத்தில் அடுப்புக்கரி பூசி நின்றார்கள். நீ யார் என்று ஆசிரியை ஆங்கிலத்தில் கேட்க, கோஸ்ட், விட்ச் என்று கரும்பலகையில் இருந்ததையே எல்லோரும் ஒப்பித்தார்கள். கையில் கயிறோடு நின்ற ஒரு பையன் மட்டும் "எமன்" என்றான். "கோஸ்ட்?" என்று கேட்டார் ஆசிரியை. அவனுக்குப் பொறுக்கவில்லை. "நோ மிஸ்! எமன் நொட் கோஸ்ட். எமன் கிங்!"

அவ்வளவுதான், வகுப்பே வாய் திறந்தது. எமன் வரும் காமன் கூத்தில் ரதி யார், காமன் என்கிற மன்மதன் யார், சிவன் ஏன் அவனை எரித்தார் என்று ஆளுக்கொரு துண்டாகத் தெரிந்த ஆங்கிலத்தில் சொல்லத் தொடங்கினார்கள். இலக்கணம் முன்பின்னாக இருந்தது. ஆனாலும் சொல்வதற்கு அவர்களிடம் விஷயம் இருந்தது. ஆங்கிலம் என்ற பயம் போயிருந்தது.

அந்தக் கதையைப் பிள்ளைகள் கூத்து நடக்கும் காமன் பொட்டலில் கண்விழித்துப் பார்த்துக் கற்றிருக்கிறார்கள். மாசி அமாவாசைக்குப் பிறகு கம்பம் நடுவார்கள். தப்பு முழங்க ரதியும் மன்மதனும் லயத்துக்கு லயம் ஆடி வருவார்கள். கடைசி இரவில் வீரபத்திரனும் எமனும் வர, சின்னப் பிள்ளைகள் அலறி அம்மாவின் முந்தானைக்குள் ஒளிவார்கள். விடிவதற்குள் காமன் எரிந்துவிடுவான்.

ஹலோவீனின் கதையும் நமக்குத் தூரமானதில்லை. 1845இல் அயர்லாந்தில் உருளைக்கிழங்குச் செடிகள் நோயில் கருகின. நுவரெலியாப் பக்கம் கிழங்கு போடுகிறவர்களுக்கு அந்த நோயின் கொடுமை தெரியும். பஞ்சத்தில் சுமார் பத்து லட்சம் பேர் மாண்டார்கள்; அதற்கும் மேற்பட்டோர் கப்பலேறினார்கள். அமெரிக்காவுக்குப் போனவர்கள் ஹலோவீன் இரவையும் கூடவே கொண்டுபோனார்கள். ஊரில் டர்னிப் கிழங்கைக் குடைந்து விளக்கு வைத்தவர்களுக்கு அங்கே பூசணிக்காய் கிடைத்தது.

ஏறக்குறைய அதே காலத்தில்தான் நம் முன்னோரும் பஞ்சத்துக்கும் கடனுக்கும் தப்பி, கோப்பித் தோட்டங்களை நம்பித் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்குக் காட்டுவழியே நடந்தார்கள். வழியிலேயே விழுந்தவர்கள் எத்தனையோ பேர். பிழைத்து வந்தவர்களோடு காமனும் வந்தான். பசியில் ஊரைவிட்டவர்கள் கூத்தை விடவில்லை. இங்கும் அப்படித்தான், அங்கும் அப்படித்தான்.

ஆகவே ஹலோவீன் வரட்டும். காமனும் கூட வரட்டும் என்கிறேன். தோட்டப் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்கத் தொடங்கியதே 1977இல்தான். பிந்திக் கிடைத்த கல்வியில் ஆங்கிலம் நமக்கு மிகவும் தேவை. ஆனால் அடுத்தவர் கதையை ஒப்பிக்க மட்டும் அது உதவினால் போதுமென்று இருந்துவிடக் கூடாது. மடக்கொம்பரைத் தோட்டத்தில் பிறந்த சி.வி. வேலுப்பிள்ளை, தோட்ட மக்களின் வாழ்வை ஆங்கிலத்திலேயே எழுதி உலகத்துக்குச் சொன்னார். அவர்களுடைய நாட்டார் பாடல்களையும் தேடித் தொகுத்தார். அந்த வழி நம் பிள்ளைகளுக்கும் திறந்தே இருக்கிறது.

ஆசிரியர்களே, ஒக்டோபரில் பூசணி விளக்கு ஏற்றினால், மாசியில் பிள்ளைகளோடு காமன் பொட்டலுக்கும் போங்கள். அங்கே அவர்கள் உங்களுக்கு ஆங்கிலத்தில் விளக்கட்டும். பெற்றோரே, கரி பூசி வரும் பிள்ளையை ஏசாதீர்கள். தாத்தா எந்த வேஷம் கட்டினார், யார் அவருக்கு ஆட்டம் பழக்கினார் என்று பக்கத்தில் உட்கார்த்திச் சொல்லுங்கள். மறுநாள் வகுப்பில் எழுந்து பேச அந்தப் பிள்ளைக்குச் சொந்தமாக ஒரு கதை இருக்கும்.