கொள்ளைநோயும் பல்துறை ஆராய்ச்சியும்



கொள்ளைநோய் என்ற சொல்லைக் கேட்டவுடன் நம் மனக்கண்முன் முதலில் தோன்றுபவர் மருத்துவர். ஒருபுறம் நோய், மறுபுறம் மருந்தும் ஊசியும் ஏந்திய மருத்துவர், இவ்விருவருக்கும் இடையே ஒரு போர் என்றே பலரும் எண்ணுகின்றனர். இந்த எண்ணம் பிழையானதன்று. ஆனால் முழு உண்மையும் ஆகாது. நோயாளியின் படுக்கையை அடைவதற்கு முன் நோயானது நெடுந்தொலைவு நடந்து வந்திருக்கிறது. அது வந்த வழியை விலங்கியல் வல்லார் அறிவர். அது பரவும் வேகத்தைக் கணித வல்லார் கணிப்பர். அதைக் கண்டு அஞ்சும் மக்கள் என்ன செய்வார்கள் என்பதை வரலாறும் சமூகவியலும் பயின்றவர் கூறுவர். இவர்கள் யாவரும் நோய் வருமுன்னரே தத்தம் பணியைச் செய்து வைத்திருந்தால்தான் மருத்துவரின் கைக்கு வலிமை உண்டாகும். இந்தப் பாடத்தை நம் நாடு மிகப் பெரிய விலை கொடுத்துக் கற்றது. அந்த வரலாற்றைச் சற்றே திரும்பிப் பார்ப்போம்.

1896-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம். பம்பாய்த் துறைமுகத்தை அடுத்த மாண்டுவி என்னும் பகுதியில், தானியக் கிடங்குகள் நிறைந்த நெருக்கமான தெருக்களில், மக்கள் கடுங்காய்ச்சலும் நெறிக்கட்டும் கண்டு மடியத் தொடங்கினர். வந்திருப்பது பிளேக் என்று டாக்டர் வீகாஸ் என்பவர் கண்டறிந்து அறிவித்தார். செய்தி பரவிய சில மாதங்களில் இலட்சக்கணக்கானோர் நகரைவிட்டு வெளியேறினர். நோயும் அவர்களோடு புறப்பட்டது. அடுத்து வந்த பல ஆண்டுகளில் இந்திய நாட்டில் ஒரு கோடிக்கும் மேற்பட்ட உயிர்களை அது கொண்டு போயிற்று.

இங்கே நாம் கருத்தூன்றிக் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. நோய் பம்பாய்க்கு வந்தபோது அதன் கிருமி அறியப்படாததன்று. இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே, 1894-இல், ஹாங்காங் நகரில் எர்சின் என்ற அறிஞர் அதனைக் கண்டறிந்திருந்தார். ஜப்பானிய அறிஞர் கிடசாட்டோவும் அதே காலத்தில் அங்கு ஆராய்ச்சி நடத்தினார். ஆகவே, பகைவன் யார் என்பது தெரிந்திருந்தது. அவன் எந்த வாசல் வழியாக வருகிறான் என்பதுதான் தெரியவில்லை.

வாசல் தெரியாதபோது அரசாங்கம் என்ன செய்தது? சாக்கடைகளைக் கழுவிற்று, வீட்டுச் சுவர்களிலும் தரையிலும் கிருமிநாசினியைக் கொட்டிற்று. 1897-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் தொற்றுநோய்ச் சட்டம் ஒன்றை இயற்றி, வீடுதோறும் சோதனையிடவும், நோயுற்றவர்களைக் குடும்பத்திலிருந்து பிரித்துக் கொண்டுபோகவும் அதிகாரிகளுக்கு உரிமை அளித்தது. புனே நகரில் படைவீரர்களே வீடுகளுக்குள் புகுந்தனர். பெண்டிரின் மானமும், வழிபாட்டிடத்தின் தூய்மையும், இறந்தவர்க்குச் செய்யும் கடனும் தமக்கு எவ்வளவு அரியன என்று மக்கள் கூறியதை அங்கே கேட்பார் இல்லை. விளைவு யாது? நோயாளிகளை உறவினர் ஒளித்து வைத்தனர். 1897 ஜூன் மாதத்தில் புனேயின் பிளேக் அதிகாரி ராண்டு என்பவர் சுடப்பட்டார். 1898-இல் பம்பாயில் கலகம் மூண்டது. பின்னர்தான் அரசாங்கம் தன் கடுமையைத் தளர்த்திக்கொண்டது.

அதே புனேயில் வேறொரு காட்சியும் நிகழ்ந்தது. பெண்கல்விக்கு வித்திட்ட சாவித்திரிபாய் பூலே அவர்கள் நோயுற்றோர்க்குப் பணி செய்து, அந்நோயையே தாமும் ஏற்று, 1897 மார்ச் 10-ஆம் நாள் உயிர் நீத்தார். மக்களின் மனம் உதவியை வெறுக்கவில்லை. உதவி வந்த விதத்தையே வெறுத்தது. இந்த வேறுபாட்டை உணர்த்தும் அறிவும் ஓர் அறிவியலே என்பதை அன்றைய ஆட்சியாளர் உணரவில்லை.

இனி, வாசலைக் கண்டறிந்த கதைக்கு வருவோம். ஹாஃப்கின் என்னும் அறிஞர் பம்பாயில் ஓர் எளிய ஆய்வுக்கூடத்தில் அமர்ந்து தடுப்பு மருந்து ஒன்றைத் தயாரித்து, 1897 ஜனவரி 10-ஆம் நாள் அதனை முதலில் தம் உடம்பிலேயே செலுத்திக்கொண்டார். மறு ஆண்டு, பிரெஞ்சு மருத்துவர் சைமாண்ட் கராச்சியில் ஒரு சோதனை செய்தார். நோயுற்ற எலி ஒன்றை அதன் மேனியிலிருந்த தெள்ளுப்பூச்சிகளோடு ஒரு கண்ணாடிப் பாத்திரத்தில் இட்டார். கம்பிக் கூண்டிலிட்ட நல்ல எலி ஒன்றை அதே பாத்திரத்துள் வைத்தார். நோயுற்ற எலியை நல்ல எலி தீண்டவும் இயலாது. ஆயினும் சில நாட்களில் அதுவும் பிளேக் கண்டு இறந்தது. இடைவெளியைத் தாண்டிச் சென்றது தெள்ளுப்பூச்சியே என்று அவர் எழுதினார்.

அவர் கூற்றை உலகம் உடனே ஏற்றதா? இல்லை. அப்போது இந்தியாவில் விசாரணை நடத்திய பிளேக் குழுவினர் அதனைப் பொருட்படுத்தவில்லை. கிருமியை ஆராய்வோர்க்குப் பூச்சியின் இயல்பு தெரியாது; பூச்சியை அறிந்தோரைக் குழுவினர் தேடவுமில்லை. 1905-இல் புதிய ஆராய்ச்சிக் குழு பம்பாயில் விரிவான சோதனைகளைத் தொடங்கியது. பிளேக் கண்ட வீடுகளில் கினிப்பன்றிகளைக் கூண்டுகளில் வைத்தனர். பூச்சிகள் எட்டும்படி தரையருகே இருந்தவை நோயுற்றன. அவை தாவி எட்ட முடியாதபடி காக்கப்பட்டவை பிழைத்தன. சைமாண்ட் கூறியது மெய்யென்று தெளிவாயிற்று. இடையே கழிந்த ஆண்டுகளில் மாண்டவர் எத்தனை பேர் என்பதை எண்ணினால் நெஞ்சம் பதறும்.

இந்தக் கதையில் ஒரு பணக்காரரின் பொழுதுபோக்கும் இடம்பெறுகிறது. சார்லஸ் ராத்சைல்டு என்பவர் இங்கிலாந்தில் வங்கித் தொழில் நடத்திய குடும்பத்தில் பிறந்தவர். தெள்ளுப்பூச்சிகளைச் சேகரிப்பதில் அவருக்குத் தணியாத ஆர்வம் இருந்தது. இது என்ன வேலை என்று கண்டோர் நகைத்திருக்கலாம். 1903-இல் அவர் ஒரு புதிய வகைப் பூச்சியை விவரித்து, பெரும் பிரமிடைக் கட்டிய கியாப்ஸ் மன்னன் பெயரையொட்டி அதற்குப் பெயரிட்டார். பிளேக்கைப் பரப்புவதில் தலையாயது அந்தப் பூச்சிதான் என்பது பின்னர்த் தெரிந்தது.

இந்த அறிவு நம் பக்கத்து ஊர்களுக்கும் பயன்பட்டது. பம்பாயைப் போலச் சென்னை நகரும் கொழும்பு நகரும் துறைமுகங்களே. எலிகளுக்கும் இங்கே குறைவில்லை. ஆயினும் பம்பாய் பட்ட பாட்டை இவை படவில்லை. ஏன்? கொழும்பு நகராட்சியில் நுண்ணுயிரியல் அறிஞராக விளங்கிய ஹிர்ஸ்ட் என்பவர் எலிகளின் மேனியிலுள்ள பூச்சிகளை வகைபிரித்துப் பார்த்தார். இவ்விரு நகரங்களிலும் மிகுந்திருந்தது வேறொரு வகைப் பூச்சி. அது பிளேக்கைக் கடத்துவதில் திறன் குறைந்தது என்பது அவர் காட்டிய விளக்கம். பூச்சிகளை வகைபிரித்துப் பெயரிடும் கலை இல்லையேல் இந்த விளக்கமும் பிறந்திராது.

அடுத்து, கணிதத்தின் பங்கைப் பார்ப்போம். இந்தியாவில் மருத்துவ அதிகாரியாகப் பல்லாண்டு பணியாற்றி, கசௌலி பாஸ்டர் நிலையத்தின் தலைவராகவும் இருந்தவர் மெக்கண்டிரிக். பின்னர் அவர் எடின்பரோ சென்று, கெர்மாக் என்ற ரசாயன அறிஞரோடு சேர்ந்து உழைத்தார். ஆய்வுக்கூட விபத்தொன்றில் 1924-ஆம் ஆண்டு கெர்மாக் தம் இரு கண்களின் பார்வையையும் இழந்திருந்தார். கண்ணிழந்த ரசாயனியும் கணிதம் பயின்ற மருத்துவரும் 1927-இல் ஒரு கட்டுரை வெளியிட்டனர். மக்களை நோய்க்கு ஆளாகக் கூடியவர், நோயுற்றவர், நோயிலிருந்து மீண்டவரோ மாண்டவரோ என மூன்று பிரிவாகக் கொண்டு, ஒரு பிரிவிலிருந்து மறு பிரிவுக்குச் செல்லும் வேகத்தைச் சமன்பாடுகளால் குறித்தனர். ஆளாகக் கூடியவரின் தொகை ஓர் எல்லைக்குக் கீழே போனால், அனைவரையும் தீண்டுமுன்னரே நோய் அடங்கிவிடும் என்று காட்டினர். தங்கள் கணக்கைச் சரிபார்க்க அவர்கள் எடுத்துக்கொண்ட புள்ளிவிவரம் எது தெரியுமா? 1905 டிசம்பர் முதல் 1906 ஜூலை வரை பம்பாயில் பிளேக்கினால் வாரந்தோறும் மாண்டவரின் எண்ணிக்கை! அந்தப் பட்டியலை நாள்தோறும் எழுதி வைத்த பெயரறியா எழுத்தர்களும் இந்த ஆராய்ச்சியில் பங்காளிகளே.

அந்தக் கணக்கிலும் குறை உண்டு. பிளேக் மனிதரிடையே மட்டும் பரவுவதன்று. எலியும் பூச்சியும் பருவகாலமும் அதில் கலந்துள்ளன. இவற்றைச் சேர்க்காமல் பம்பாய்ப் புள்ளிவிவரத்தை விளக்க இயலாது என்று பிற்கால ஆராய்ச்சியாளர் எடுத்துக்காட்டினர். கணிதம் விலங்கியலிடம் பாடம் கேட்க வேண்டியிருக்கிறது என்பதே இதன் பொருள். ஆயினும் அந்தச் சமன்பாடுகளின் வழிவந்த கணிப்புகளே 2020-இல் கொரோனா நோய் உலகைச் சூழ்ந்தபோது பல அரசாங்கங்களுக்கு வழிகாட்டின.

பழைய பிழைகள் பழையனவாகவே போய்விட்டனவா? 2014-இல் மேற்கு ஆப்பிரிக்காவில் எபோலா பரவியபோது கினி, லைபீரியா, சியரா லியோன் ஆகிய நாடுகளில் பதினோராயிரம் பேருக்கு மேல் மாண்டனர். இறந்தவரைக் கழுவித் தொட்டு விடைகொடுப்பது அம்மக்களின் மரபு. நோயோ இறந்த உடலிலிருந்தும் பற்றிக்கொள்வது. உடலைப் பறித்துச் சென்று புதைக்கவே, மக்கள் உடல்களை ஒளிக்கலாயினர். புனேயின் கதை மீண்டும் நிகழ்ந்தது. அப்போது மானிடவியல் அறிஞர்கள் கிராமத்துப் பெரியோர்களோடு கலந்து பேசினர். குடும்பத்தார் கண்காண, அவரவர் சமயப்படி வேண்டுதல் நடத்தி, அதே வேளையில் தீண்டாமல் அடக்கம் செய்யும் முறை வகுக்கப்பட்டது. உலக சுகாதார நிறுவனமும் அம்முறையை அவ்வாண்டிலேயே வெளியிட்டது. நோயை அடக்குவதில் அதற்குப் பெரும்பங்கு உண்டு.

கொரோனாக் காலத்தில் நன்மையும் தீமையும் ஒருங்கே கண்டோம். காரிக்கோ, வைஸ்மன் என்ற இருவர் ஆர்.என்.ஏ. என்னும் மூலக்கூறைப் பற்றி 2005-இலேயே ஒரு முக்கியமான உண்மையைக் கண்டு வெளியிட்டிருந்தனர். அன்று அதனைப் பாராட்டியோர் சிலரே. 2020 ஜனவரியில் கிருமியின் மரபுக்குறிப்பு வெளியானது. டிசம்பரில் அந்த ஆராய்ச்சியின் வழிவந்த தடுப்பூசிகள் மக்களுக்குச் செலுத்தப்பட்டன. பதினோரு மாத வேலைபோலத் தோன்றியது உண்மையில் பல்லாண்டுத் தவத்தின் பயன். 2023-இல் அவ்விருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

இனி மறுபக்கம். நோய் காற்றில் மிதக்கும் நுண்துளிகளின் மூலமும் பரவுகிறது என்று, காற்றில் மிதக்கும் துகள்களை ஆராய்வதில் வல்லவரான மொராவ்ஸ்கா என்ற பௌதிக அறிஞரும் அவரைச் சேர்ந்தோரும் எச்சரித்தனர். 2020 ஜூலையில் 239 அறிஞர்கள் ஒன்றுகூடி முறையிட்டனர். உலக சுகாதார நிறுவனமோ தயங்கித் தயங்கியே இதனை ஏற்றது. அதற்குள் கைகழுவுவதில் காட்டிய அக்கறையைச் சன்னலைத் திறப்பதில் காட்டாமல் பல மாதங்கள் கழிந்தன. சைமாண்டின் குரல் கேட்கப்படாதது போலவே இக்குரலும் உரிய நேரத்தில் கேட்கப்படவில்லை.

ஆகவே நண்பர்களே, நாம் அறிய வேண்டிய உண்மை இரண்டு பகுதிகளை உடையது. பல துறைகளிலும் ஆராய்ச்சி நடைபெற வேண்டும் என்பது முதற்பகுதி. அதனைப் பலரும் சொல்வர். ஒரு துறையினர் கண்டதை மற்றொரு துறையினர் காலத்தோடு செவிமடுக்க வேண்டும் என்பது இரண்டாம் பகுதி, அதுவே அரிது. பம்பாயிலும் சரி, நம் காலத்திலும் சரி, அறிவு இல்லாமையால் மட்டும் உயிர்கள் போகவில்லை. அறிவு ஓர் அறையில் இருக்க, அதிகாரம் மற்றோர் அறையில் இருக்க, இடைக்கதவு சாத்தியிருந்தமையாலும் போயின.

நம் முன்னோர் குடிமராமத்து என்றொரு முறை வைத்திருந்தனர். கோடையில், ஏரி வற்றியிருக்கும் காலத்தில், வீட்டுக்கு ஓர் ஆள் வந்து மண் சுமந்து கரையை உயர்த்துவர். மழை பெய்து வெள்ளம் புரண்டுவரும் இரவில் கூடையைத் தேடுவதில் பயனில்லை. அவரவர் தத்தம் வீட்டு வாசலில் மண்ணைக் கொட்டிக்கொண்டாலும் பயனில்லை. எல்லோரும் ஒரே கரையில் கொட்ட வேண்டும்.

உங்களில் சிலர் மருத்துவம் பயில்வீர்கள். வேறு சிலர் கணிதமும், பூச்சியியலும், வரலாறும், பொறியியலும் பயில்வீர்கள். ‘என் பாடத்தால் யாருக்கு என்ன பயன்?’ என்ற ஐயம் உங்களுக்கு எழுமானால், தெள்ளுப்பூச்சி சேகரித்தவரையும் கண்ணிழந்த ரசாயனியையும் நினைத்துக்கொள்ளுங்கள். பக்கத்து வகுப்பில் நடக்கும் பாடத்திற்கும் ஒரு காது கொடுங்கள். அடுத்த கொள்ளைநோய் எந்த ஆண்டில், எந்த வாசல் வழியாக வரும் என்று யாரும் கூற இயலாது. அது வரும் நாளில் நம் கையில் இருக்கப்போவது, இன்று நாம் தேடி வைக்கும் அறிவும், நம்மிடையே வளர்த்து வைக்கும் நம்பிக்கையும் மட்டுமே.