வெள்ளம் வடிந்தது, உள்ளம்?



2015 டிசம்பர் 1 காலை முதல் மறுநாள் காலை வரை தாம்பரத்தில் 49 செ.மீ. மழை பெய்தது. அடையாறு பெருகி முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கின. வீட்டுச் சேற்றை நாம் கழுவிவிட்டோம். ஆயினும், “குடும்பத்தைக் காக்கத் தெரியாதவன் நான்” என்ற எண்ணம் சிலர் நெஞ்சில் படிந்துவிட்டது. மழை இரைந்தால் இன்றும் உறங்காதோர் உண்டு.

அவ்வெண்ணம் உண்மைதானா என்று விசாரிப்போம். ஒரு தாளில் அதனை எழுதி, சார்பான சான்றுகளையும் எதிரான சான்றுகளையும் எதிரெதிரே குறிப்போம். ஏறிய நீரைத் தடுக்க எவரால் இயன்றது? பிள்ளைகளை மாடியேற்றியவர் யார்? இதே நிலையிலிருந்த அண்டை வீட்டாரை நாம் பழிப்போமா? தீர்ப்பு மாறினால் மனச்சுமை மெல்லக் குறையும்.

1960களில் அமெரிக்க மருத்துவர் ஆரோன் பெக் வகுத்த சிகிச்சையின் அடிப்படை இதுவே. அதற்கு ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே அறிஞர் அபூ ஸைத் அல்பல்கீ (மறைவு கி.பி. 934), மனம் அமைதியாயிருக்கையில் நல்லெண்ணங்களைச் சேமித்து, துயர்வேளையில் அவற்றைக்கொண்டு தீய எண்ணங்களை எதிர்க்குமாறு எழுதினார்.

தனியே இயலாவிடில் மருத்துவரை நாடுவது ஈமானில் குறைவன்று. அரசின் டெலி மானஸ் எண் 14416இல் இலவசமாகத் தமிழிலேயே பேசலாம்.

அல்லாஹ் நம் உள்ளங்களுக்கு அமைதியருள்வானாக! ஆமீன்.