பவுல் போட்ட பிளான், பவுல் போன வழி

போன வாரம் ஒரு தம்பி வாய்ஸ் நோட் அனுப்பியிருந்தார். ரெண்டாவது தடவையும் விசா ரிஜெக்ட். "அண்ணா, தேவ சித்தத்தை நான் மிஸ் பண்ணிட்டேனா?"ன்னு கேட்டார். அந்தக் குரல் மனசை விட்டுப் போகல. அதனால தயார் பண்ணி வச்சிருந்த தலைப்பை ஓரமா வச்சுட்டு, இன்னைக்கு இதைப் பேசறேன்.

இப்படிப்பட்ட நேரத்துல நம்ம சபைகள்ல உடனே எடுத்துக் கொடுக்கிற வசனம் ரோமர் 8:28. தேவனை நேசிக்கிறவங்களுக்கு நடக்கிறதெல்லாம் நன்மைக்காகச் சேர்ந்து வேலை செய்யும்னு பவுல் சொல்ற இடம். இந்த விசா போனா என்ன, இதைவிட நல்ல விசா வரும். அந்த வசனத்துக்கு நாம கொடுக்கிற அர்த்தம் பெரும்பாலும் இதுதான். வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ்ல 28 இருக்கும், 29 இருக்காது. ஆனா 'நன்மை'ன்னா என்னங்கிறதை பவுல் 29-லதான் சொல்றார். நாம தேவனுடைய குமாரனோட சாயலுக்கு மாறணும், அந்தக் குமாரன் ஒரு பெரிய குடும்பத்துக்கு மூத்த அண்ணனா இருக்கணும். தேவனுடைய நோக்கம் அது.

இதை எழுதின ஆளோட டிராவல் பிளான் அதே நிருபத்துல 15-ஆம் அதிகாரத்துல இருக்கு. ஏறக்குறைய கி.பி. 57, கொரிந்துவில இருந்து எழுதறார். முதல்ல எருசலேம் போய் அங்கே இருக்கிற ஏழை விசுவாசிகளுக்குக் காணிக்கைப் பணத்தைக் கொடுக்கணும். அப்புறம் ரோம். அங்கிருந்து ஸ்பெயின். யூதேயாவில ஆபத்து இல்லாம தப்பிச்சு, சந்தோஷமா உங்ககிட்ட வந்து சேர ஜெபம் பண்ணுங்கன்னும் கேட்டிருக்கார்.

நடந்தது என்ன? எருசலேம்ல கைது. செசரியாவில ரெண்டு வருஷம் காவல். தேசாதிபதி பேலிக்ஸ், லஞ்சம் வரும்னு எதிர்பார்த்து அடிக்கடி கூப்பிட்டுப் பேசுவாராம். (ஃபைல் நகராத ஆபீஸ் அன்னைக்கும் இருந்திருக்கு.) அப்புறம் கப்பல், 276 பேர், ரெண்டு வாரப் புயல், மால்டா தீவுல கப்பல் உடைஞ்சு கரை ஒதுங்கறாங்க. கடைசியில ரோமுக்கு வந்துட்டார், கூடவே காவலுக்கு ஒரு சிப்பாய். வாடகை வீட்டுல ரெண்டு வருஷம். அப்போஸ்தலர் நடபடிகள் அங்கேயே முடியுது. ஸ்பெயின் போனாரான்னு வேதம் சொல்லல.

அப்போ பவுல் சித்தத்தை மிஸ் பண்ணிட்டாரா? அவர் சிறையில இருந்து பிலிப்பியருக்கு எழுதின கடிதத்தைப் பாருங்க. மூணாவது அதிகாரத்துல, கிறிஸ்துவை அறியணும், அவர் மரணத்துக்கு ஒப்பாகணும்னு ஆசைப்படறார். ரோமர் 8:29-ல சாயலைப் பத்திச் சொல்ற இடத்துல வர்ற கிரேக்கச் சொல்லும், இங்கே 'ஒப்பாகுதல்'னு வர்ற சொல்லும் ஒரே வேர்ல இருந்து வந்தவை. பிளான் உடைஞ்சது, நோக்கம் உடையல. எனக்கு இதுல பெரிய ஆறுதல் இருக்கு.

அதுக்காக, விசா ஒரு விஷயமே இல்லைன்னு நான் சொல்லமாட்டேன். கோச்சிங் ஃபீஸ் கட்டினது அம்மாவோட நகையை வச்சு. இழப்பு இழப்புதான். அதே 8-ஆம் அதிகாரத்துல சிருஷ்டி தவிக்குது, நாமளும் தவிக்கிறோம், ஆவியானவரும் வார்த்தையில்லாத பெருமூச்சோட நமக்காக வேண்டுதல் பண்றார். யாரும் அங்கே சிரிச்ச முகத்தோட சாட்சி சொல்லிட்டு இருக்கல. தேவன் நம்ம பக்கம் இருக்கார்ங்கிறதுக்கு பவுல் காட்டற ஆதாரமும் ஒண்ணே ஒண்ணுதான்: தம்முடைய குமாரனையே நமக்காகக் கொடுத்துட்டார். அந்த ஆதாரம் ஸ்டாம்ப் விழுந்தாலும் விழாட்டியும் மாறாது.

தம்பி, நீங்க கேட்டதுக்கு என் பதில், மிஸ் பண்ணல. மறுபடி அப்ளை பண்ணலாமாங்கிறதை வீட்டுல உக்காந்து பேசுங்க, கடன் கணக்கையும் எடுத்து வச்சுப் பாருங்க. அதுக்கு நடுவுல ரோமர் 15-ஐயும் அப்போஸ்தலர் 28-ஐயும் ஒரே மூச்சுல வாசிங்க. வாசிச்சதும் எனக்கு ஒரு கால் பண்ணுங்க.