‘சீனி இல்லை’ என்றால் அளவும் இல்லையா?



இன்று நான் பேசப்போவது என் அப்பாவின் சட்டைப்பையில் இருந்த மிட்டாயைப் பற்றி.

அப்பாவுக்கு இனிப்புநீர். தேநீரில் சீனியை அறவே விட்டவர், பேரங்காடியில் ‘சீனி இல்லை’ என்று எழுதிய மிட்டாயைக் கண்டதும் குழந்தையாகிவிட்டார். நாளொன்றுக்குப் பத்து, பதினைந்து தின்றார். சில வாரங்களில் வயிறு உப்பியது, அடிக்கடி வயிற்றுப்போக்கு. “எல்லாம் இந்த மாத்திரையால் வந்த வினை” என்று தாமாகவே முடிவு செய்து, இனிப்புநீர் மாத்திரையை நிறுத்திவிட்டார். கேமராவின் முன் மணிக்கணக்கில் பேசும் எனக்கு, சொந்த வீட்டில் நடந்தது தெரியவில்லை. அடுத்த பரிசோதனையில் இரத்தத்தில் சர்க்கரை ஏறியிருந்தது. “வேறு என்ன சாப்பிடுகிறீர்கள், ஐயா?” என்று டாக்டர் கேட்ட பிறகுதான் மிட்டாய் வெளியே வந்தது.

பொட்டலத்தின் பின்புறம் பொடி எழுத்தில் ஒரு பெயர்: சார்பிட்டால்.

இது விஷமல்ல, அன்பர்களே. ஆப்பிள், பேரிக்காய், பிளம் போன்ற பழங்களில் இயற்கையாகவே இருப்பது. 1872-இல் பிரெஞ்சு விஞ்ஞானி பூசிங்கோ, ரோவன் என்னும் மரத்தின் பழங்களிலிருந்து இதைப் பிரித்தெடுத்தார். இன்று ஆலைகளில் குளுக்கோஸிலிருந்து தயாரிக்கிறார்கள். வேதியியலில் இதைச் ‘சர்க்கரை ஆல்கஹால்’ என்பார்கள். பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம், போதை தராது. பற்பசை காய்ந்துபோகாமல் காப்பதும், பல இருமல் மருந்துகளுக்கு இனிப்பூட்டுவதும் இதுதான். சீனியின் இனிப்பில் ஏறக்குறைய 60 விழுக்காடு இதற்கு உண்டு. ஒரு கிராம் சீனியில் 4 கலோரி என்றால், இதில் 2.6. இரத்தச் சர்க்கரையையும் மெதுவாகவே ஏற்றும்.

பிறகு என்ன சிக்கல்? சிறுகுடல் இதை முழுமையாக உறிஞ்சுவதில்லை. மிஞ்சியது பெருங்குடலுக்குப் போய் நீரை இழுக்கிறது. அங்குள்ள நுண்ணுயிர்கள் அதைப் புளிக்க வைப்பதால் வாயு உண்டாகிறது. உலர்ந்த பிளம் பழம் மலச்சிக்கலைத் தீர்ப்பதற்கு இதுவும் ஒரு காரணம். சிலருக்கு 10 கிராமிலேயே வயிறு உப்பும். 20 கிராமைத் தாண்டினால் பலருக்கு வயிற்றுப்போக்கு. ஒரு மிட்டாயில் இரண்டு கிராம் இருந்தால்கூட, பத்து மிட்டாயில் அந்த அளவு வந்துவிடும். 2008-இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் ஜெர்மன் மருத்துவர்கள் இருவரைப் பற்றி எழுதினார்கள். சீனியில்லாச் சூயிங்கத்தை ஓயாமல் மென்றதால், ஒருவர் 11 கிலோவும் மற்றவர் 22 கிலோவும் எடை இழந்திருந்தார்கள்.

ஆகவே, உங்களிடம் மூன்று வேண்டுகோள். பொட்டலத்தின் பின்புறத்தைப் படியுங்கள். ‘சார்பிட்டால்’ என்றோ ‘420’ என்றோ இருந்தால் அளவோடு நிறுத்துங்கள். மிட்டாயாக இருந்தாலும் டாக்டரிடம் மறைக்காதீர்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். சில இனிப்புநீர் மாத்திரைகளும் வயிற்றைக் கலக்கும் என்பது உண்மைதான். ஆனால் எது காரணம் என்று டாக்டர் சொல்லட்டும்.

இப்போது அப்பாவுக்கு ஒரு நாளைக்கு ஒரு மிட்டாய்தான். மாத்திரையைத் தவறவிடுவதில்லை. இன்றிரவு உங்கள் வீட்டுப் பெரியவர்களின் சட்டைப்பையையும் அன்போடு கொஞ்சம் கவனியுங்கள்.