லோமுவும் அவர் சிறுநீரகமும்

(கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் பேசியது)



உடல்நலம் பத்திப் பேசச் சொன்னாங்க. நான் ஒரு விளையாட்டு வீரரைப் பத்திச் சொல்லப் போறேன். ரக்பின்னு ஒரு ஆட்டம். முட்டை வடிவப் பந்தை இடுக்கிக்கிட்டு ஓடணும், எதிரணி ஆளுங்க கட்டிப்பிடிச்சுக் கீழே தள்ளுவாங்க. நம்ம சடுகுடு பிடிதான், மைதானம் ரொம்பப் பெரிசு.

ஜோனா லோமு 1975-ல் நியூசிலாந்தில் பிறந்தவர். பெற்றோர் டோங்கா தீவுக்காரர்கள். ஆக்லாந்து நகரின் தென்பகுதியில் வறுமையில் வளர்ந்தார். 19 வயதிலேயே நாட்டு அணியில் இடம் கிடைத்தது. ஆள் கிட்டத்தட்ட ஆறரை அடி உயரம், சுமார் 120 கிலோ எடை. 1995 உலகக் கோப்பை அரையிறுதியில் இங்கிலாந்து வீரர் ஒருத்தரை இடிச்சுத் தள்ளி, அவர் மேலேயே ஏறி ஓடினார். அன்னைக்கு மட்டும் நாலு முறை கோட்டைத் தாண்டிப் பந்தை வைத்தார்.

அதே வருஷக் கடைசியில்தான் சிறுநீரக நோய்னு தெரிஞ்சது. சல்லடை கிழிஞ்சா மாவும் தவிடும் சேர்ந்து விழும் இல்லையா? அது மாதிரி, உடம்புக்கு வேண்டிய புரதம் சிறுநீரில் ஒழுகிப் போகும் நோய் அது. முகம் வீங்கும், கால் வீங்கும், சிறுநீர் நுரைக்கும், அசதியா இருக்கும். நம்மில் எத்தனை பேர் இதையெல்லாம் "வேலை அலுப்பு"ன்னு விட்டுடறோம்!

மருந்து சாப்பிட்டுக்கிட்டே அவர் 1999 உலகக் கோப்பையும் ஆடினார். 2003-ல் வாரம் மூணு முறை டயாலிசிஸ். காலில் நரம்பு பாதிச்சு நடக்கவே சிரமப்பட்டார். 2004-ல் கிராண்ட் கெரீமா என்ற வானொலி அறிவிப்பாளர் தன் சிறுநீரகம் ஒன்றைக் கொடுத்தார். அடுத்த வருஷமே லோமு திரும்ப மைதானத்தில் இறங்கினார். அந்தச் சிறுநீரகமும் 2011-ல் செயலிழந்தது. 2015 நவம்பரில், 40 வயதில், ரெண்டு சின்னப் பையன்களை விட்டுட்டு இறந்துபோனார்.

ஒண்ணு சொல்லணும். நம்ம நாட்டில் உயிரோடு இருக்கும்போதே சிறுநீரகம் கொடுக்கிறவங்க பெரும்பாலும் பெண்கள். மனைவி கொடுப்பா, அம்மா கொடுப்பா. வாங்கிக்கிறவங்க பெரும்பாலும் ஆம்பளைங்க. ஒரு பெண்ணுக்குக் கெட்டுப்போனா? அந்தக் கேள்வியை நம்ம வீடுகளில் யாரும் கேட்கிறதில்லை.

சிறுநீர்ச் சோதனை ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே பண்ணுவாங்க. சர்க்கரை, ரத்தக்கொதிப்பு இருக்கிறவங்க வருஷம் ஒருமுறையாவது பார்க்கணும். இன்னைக்கு நர்சம்மா வந்திருக்காங்க. கூட்டம் முடிஞ்சதும் கால் வீக்கம் இருக்கிறவங்க முதல்ல போய்ப் பெயர் கொடுங்க.