பள்ளிக் குழாயில் காரீயம் உண்டா? கேட்போம்!

(மும்பையில் தமிழ்ப் பெற்றோர் கூட்டமொன்றில் நிகழ்த்திய உரை)



மும்பைக்குப் பிழைக்க வந்த நமக்குத் தண்ணீர்ப் போராட்டம் புதிதல்ல. குடம் வைத்து வரிசையில் நின்றோம். குழாய் கேட்டு வார்டு ஆபீஸ் வாசலில் உட்கார்ந்தோம். தண்ணீர் வருமா என்பதே இதுவரை நம் கேள்வி. வருகிற தண்ணீரில் என்ன இருக்கிறது என்று இனிக் கேட்க வேண்டும். முதலில் நம் பிள்ளைகள் பகலெல்லாம் குடிக்கும் பள்ளித் தண்ணீரைப் பற்றிக் கேட்க வேண்டும்.

நாம் பேசுவது காரீயத்தைப் பற்றி. ரசம் வைக்கும் ஈயச் சொம்போடு இதைக் குழப்ப வேண்டாம். கலப்படமில்லாத சொம்பு வெள்ளீயம். அது வேறு உலோகம். காரீயமோ விஷம். தண்ணீரில் கலந்தால் நிறம் மாறாது, நாற்றம் அடிக்காது, நாக்குக்கும் தெரியாது. கெட்ட தண்ணீரால் வாந்திபேதி வந்தால் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுவோம். காரீயம் சத்தமில்லாமல் எலும்பில் சேர்ந்து, மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். ஒரே அளவு வயிற்றுக்குள் போனாலும், பெரியவர்களைவிடச் சிறு பிள்ளைகளின் உடல் நாலைந்து மடங்கு உறிஞ்சிக்கொள்ளும். படிப்பு ஏறாத பிள்ளையை மக்கு என்று சொல்வது எளிது. அந்தப் பிள்ளை எதைக் குடித்தது என்று கேட்பவர் யார்?

உலகில் மூன்றில் ஒரு பிள்ளையின் ரத்தத்தில், அதாவது சுமார் 80 கோடிப் பிள்ளைகளின் ரத்தத்தில், கவலைப்படத்தக்க அளவு காரீயம் இருக்கிறது என்று 2020-இல் யூனிசெஃப் அறிக்கை சொன்னது. அதில் 27 கோடிக்கு மேல் இந்தியப் பிள்ளைகள். எல்லாம் தண்ணீரால் வந்ததல்ல. பழைய பாட்டரி உருக்கும் இடம், பெயின்ட், பாத்திரம், மசாலா என வழிகள் பல. ஆனால் பள்ளிக் குழாய் நம் கைக்கு எட்டுகிற இடம்.

ஏரித் தண்ணீர் சுத்திகரிக்கப்பட்டுத்தான் நகருக்குள் வருகிறது. காரீயம் பெரும்பாலும் கடைசி நூறு அடியில்தான் சேருகிறது: பழைய குழாய், பற்றவைத்த இணைப்பு, மட்டமான பித்தளைக் குழாய்முனை. பி.வி.சி. குழாயிலும் காரீயம் சேர்த்துச் செய்தார்கள். அதைக் கட்டுப்படுத்த மத்திய அரசு 2021-இல்தான் விதி போட்டது. அதற்கு முன் பதித்த குழாய்கள் சுவருக்குள் அப்படியே இருக்கின்றன.

அமெரிக்காவின் ஃபிளின்ட் நகரைப் பாருங்கள். செலவு மிச்சம் என்று 2014-இல் ஆற்றுத் தண்ணீருக்கு மாறினார்கள். குழாய் அரிக்காமல் காக்கும் மருந்தைச் சேர்க்கவில்லை. காரீயம் கரைந்து வீடுகளுக்குள் வந்தது. ஏழைகளும் கறுப்பின மக்களும் நிறைந்த ஊர் அது. தண்ணீர் நல்லதுதான் என்றே அதிகாரிகள் சொன்னார்கள். தாய்மார்கள் பாட்டிலும் கையுமாக நின்ற பிறகே, 2015-இல் உண்மை வெளிவந்தது.

நம் பக்கம் என்ன நடந்தது? 2024 ஜூனில், நம் பிள்ளைகள் படிக்கும் ஒரு பள்ளியின் தண்ணீர் அறிக்கையைக் கேட்டு வாங்கினோம். "குடிக்கத் தகுந்தது" என்று முத்திரை இருந்தது. உள்ளே கிருமிச் சோதனை மட்டும் இருந்தது. காரீயத்துக்கு நேரே வெறும் கோடு. ரயில்வேயில் எடை போடாமல் பார்சலுக்கு ரசீது எழுதினால் எங்களை விடுவார்களா? இங்கே எடை போடாமலே ரசீது எழுதியிருக்கிறார்கள்.

சட்டம் நம் பக்கம் இருக்கிறது. லிட்டருக்கு 0.01 மில்லிகிராமுக்கு மேல் காரீயம் கூடாது என்கிறது குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயம், ஐ.எஸ். 10500. பள்ளியில் பாதுகாப்பான குடிநீர் வேண்டும் என்கிறது 2009 கல்வி உரிமைச் சட்டம். அதே சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர். பாதிப் பேர் பெண்கள். அந்த நாற்காலிகள் நமக்குரியவை. போய் உட்காருவோம்.

குழுவில் என்ன கேட்பது?

ஒன்று: காரீயச் சோதனையை ஆய்வுக்கூடத்தில் செய்ய வேண்டும். கையில் வைத்துப் பார்க்கும் டி.டி.எஸ். மீட்டர் காரீயத்தைக் காட்டாது.

இரண்டு: திங்கட்கிழமை காலை, யாரும் குழாயைத் திறக்குமுன், முதல் கால் லிட்டரைப் பிடிக்க வேண்டும். சிறிது நேரம் ஓடவிட்டு இன்னொன்று பிடிக்க வேண்டும். முதலாவதில் மட்டும் காரீயம் மிகுந்தால் கோளாறு குழாய்முனையிலோ அதன் அருகிலோ இருக்கிறது, அதை மாற்றலாம். இரண்டிலும் மிகுந்தால் உள்குழாயையும் தொட்டியையும் பார்க்க வேண்டும்.

மூன்று: முடிவைப் பள்ளிச் சுவரில் தமிழிலும் மராத்தியிலும் ஒட்ட வேண்டும். அறிக்கை தர மறுத்தால் 2005 தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது. பத்து ரூபாயும் ஒரு மனுவும் போதும். 30 நாளில் பதில் தந்தாக வேண்டும். மனு எழுத எங்கள் சங்கம் உதவும்.

அதுவரை வீட்டில் காலை முதல் தண்ணீரைப் பாத்திரம் கழுவப் பிடியுங்கள், குடிக்க வேண்டாம். கொதிக்க வைத்தால் கிருமி சாகும், காரீயம் போகாது. தண்ணீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடும். கீரை, கேழ்வரகு, பால் கொடுங்கள். இரும்பும் சுண்ணாம்பும் உள்ள உடம்பு காரீயத்தைக் குறைவாகவே ஏற்கும்.

யார் மீதும் பழி போட நாம் புறப்படவில்லை. சோதித்துக் காரீயம் இல்லையென்றால் மகிழ்ச்சியோடு சொல்வோம். சோதிக்காமலே இல்லை என்று சொல்வதை மட்டும் ஏற்க மாட்டோம். அடுத்த மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்கு வீட்டுக்கு ஒருவர் வாருங்கள்!