வரைபடத்தின் நிறமும் மண்ணின் மட்டமும்
(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில் இமாம் அவர்கள் ஆற்றிய உரை)

 

மதரஸாவுக்கென நிலம் வாங்கும் தீர்மானம் இன்று நம் முன் இருக்கிறது. ஆற்றோரமாக ஓர் இடம் மலிவாகக் கிடைப்பதாகவும், கைப்பேசி வரைபடத்தில் அது வெள்ள அபாயம் இல்லாத பகுதியாகக் காட்டப்படுவதாகவும் சகோதரர் ஒருவர் எடுத்துரைத்தார். அது குறித்துச் சில வார்த்தைகள் கூற விரும்புகிறோம். மார்க்கக் கல்வி பயின்ற நமக்கு நிலஅளவைத் துறையில் என்ன வேலை என்று தாங்கள் கேட்கலாம். பட்டுத் தெரிந்துகொண்டதைத்தான் சொல்கிறோம்.

கல்வராயன் மலையில் பெய்யும் மழை கோமுகியில் இறங்கி, மணிமுத்தாற்றோடு கலந்து, வெள்ளாற்றின் வழியே பரங்கிப்பேட்டையில் கடலைச் சேருகிறது. நம் துணைவியாரின் பிறந்தகம் அந்தப் பரங்கிப்பேட்டைதான். நம் மைத்துனர் அங்கே ஒரு மனை வாங்க முன்பணம் கொடுத்திருந்தார். வீட்டுப் பெண்களின் நகைகளை அடகு வைத்துத் திரட்டிய பணம் அது. தரகர் காட்டிய வண்ண வரைபடத்தில் அந்த மனை பச்சை நிறத்தில் இருந்தது. “மச்சான், கம்ப்யூட்டரே சொல்கிறது, இனி என்ன சந்தேகம்?” என்றார் மைத்துனர். நமக்கும் மறுப்பதற்கு ஒன்றும் தோன்றவில்லை.

பத்திரம் முடிப்பதற்கு முன் எல்லைக்கல் பார்க்க வந்த ஓய்வுபெற்ற நிலஅளவையாளர் ஒருவர், கூலி எதுவும் கேளாமல், லெவல் கருவியை முக்காலியில் நிறுத்தி மட்டமும் பார்த்துக் கொடுத்தார். சாலையைவிட மனை இரண்டடி தாழ்ந்திருந்தது. பக்கத்து வீட்டுச் சுவரில் 2015 நவம்பர் வெள்ளம் விட்டுச்சென்ற கறை அப்போதும் மங்கலாக இருந்தது. அந்தக் கறையின் மீது கருவியைத் திருப்பி, பின்னர் மனையின் நடுவே ஸ்டாஃப் கோலை நிறுத்திக் கணக்கிட்டபோது, மனையின் மண்ணுக்கு மேல் மூன்றடி உயரத்தில் அது நின்றது. மைத்துனர் அங்கேயே மண்ணில் அமர்ந்துவிட்டார்.

அவ்வாறாயின் வரைபடம் பொய் சொன்னதா? இல்லை. அது வேறொன்றைச் சொன்னது. இத்தகைய இலவச வரைபடங்கள் பலவற்றிற்கு அடிப்படை, 2000 பிப்ரவரியில் எண்டவர் விண்வெளி ஓடம் பதினொரு நாட்கள் ரேடார் கொண்டு அளந்த உயரங்களாகும். அந்த ரேடார் கண்டது பெரும்பாலும் மரத்தின் உச்சியையும் வீட்டின் கூரையையுமே. அவற்றின் அடியிலுள்ள மண்ணையன்று. நம் மைத்துனர் பார்த்த மனையைச் சுற்றிலும் தென்னந்தோப்பு! மேலும், அதில் முப்பது மீட்டர் நீளமும் முப்பது மீட்டர் அகலமும் கொண்ட கட்டத்திற்கு ஒரே ஓர் உயரம்தான். ஏறத்தாழ நான்கு கிரவுண்டு நிலத்துக்கு ஒரே எண். மேடும் பள்ளமும் அதற்குள் கரைந்துவிடும்.

இந்தப் பிழையின் அளவு சாதாரணமானதன்று. 2019-ல் ஸ்காட் கல்ப், பெஞ்சமின் ஸ்ட்ராஸ் என்னும் இரு ஆய்வாளர்கள் அந்த உயரங்களைத் திருத்தி மறுகணக்கு செய்தார்கள். கடலின் இன்றைய உயர்நீர்க் கோட்டுக்கும் தாழ்வான நிலத்தில் வாழ்வோர் உலகில் 2 கோடியே 80 லட்சம் பேர் என்று பழைய கணக்கு காட்டியது. திருத்தியபோது அது 11 கோடியாயிற்று.

கைப்பேசியில் உயரம் பார்க்கும் இளைஞர்களுக்கும் ஒரு வார்த்தை. செயற்கைக்கோள் தரும் உயரம் கடல்மட்டத்திலிருந்து அளக்கப்படுவதன்று. பூமிக்கெனக் கற்பித்துக்கொண்ட ஒரு கணித வடிவத்திலிருந்து அளக்கப்படுவது. நம் தமிழகக் கடற்கரையில் இரண்டிற்கும் எண்பது மீட்டருக்கு மேல் வேறுபாடு உண்டு. திருத்தம் செய்யாத செயலி, கடற்கரையில் நிற்பவரைக் கடலுக்கு அடியில் நிற்பதாகக் காட்டும்! சின்னசேலம் ரயில் நிலையத்தின் பெயர்ப்பலகையில் கடல்மட்டத்திலிருந்து உயரம் எழுதியிருப்பதைத் தாங்கள் பார்த்திருப்பீர்கள். அந்தக் கடல்மட்டம், சென்னை, நாகப்பட்டினம் உள்ளிட்ட ஒன்பது துறைமுகங்களில் அலை ஏற்றஇறக்கம் பார்த்து, 1909-ல் சர்வே ஆஃப் இந்தியா வகுத்தது. அளவையாளர் தொடங்குவது அதன் வழிவந்த பெஞ்ச்மார்க் கல்லிலிருந்து.

அரசின் கடற்கரை ஒழுங்குமுறை வரைபடத்தையும் பலர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். உயர்நீர்க் கோட்டிலிருந்து 500 மீட்டர் என்பது தூரம்; உயரமன்று. கோட்டுக்கு வெளியே இருக்கும் மனை பள்ளமாகவும் இருக்கலாம், உள்ளே இருக்கும் வீடு மணல்மேட்டிலும் இருக்கலாம். அதே ஊரில் முதியவர் ஒருவர், வரைபடத்தில் தம் வீடு சிவப்பில் இருப்பதாக எவரோ சொல்லக் கேட்டு, பாதி விலைக்கு விற்க முனைந்திருந்தார். மட்டம் பார்த்ததில் அவர் வீட்டு வாசல் அந்த வெள்ளக் கறையைவிட நான்கடி உயரம்! அமெரிக்காவில் இதற்கென முறையே வைத்திருக்கிறார்கள். வெள்ளப் பகுதி என்று வரைபடம் சொன்னாலும், வீட்டை ஒட்டிய மண்ணின் மிகத் தாழ்ந்த இடம்கூட வெள்ள மட்டத்திற்குக் குறையவில்லை என அளவையாளர் சான்று தந்தால், அப்பகுதியிலிருந்து அவ்வீட்டை விலக்கிக் கடிதம் வழங்குவார்கள். தலைப்பிறையில் கணக்கா, கண்ணால் காண்பதா என்று நாம் ஆண்டுதோறும் வாதிடுகிறோமே, அந்த வழக்கை இங்கே இழுக்க வேண்டாம். ஆனால் மண் விஷயத்தில் நேரில் கண்ட சாட்சிக்கே நம் வாக்கு.

மண்ணடித்து உயர்த்திக்கொள்ளலாமே என்பார்கள். உயர்த்தலாம். நம் மனையில் நிற்க வேண்டிய நீர் அப்போது அண்டை வீட்டாரின் அடுப்படிக்குப் போகும். அதற்கு யார் பொறுப்பு?

மைத்துனர் பின்னர் வேறு தெருவில் சிறியதொரு மனையை வாங்கினார். முன்பணத்தில் ஒரு பகுதி இன்றுவரை திரும்பவில்லை.

இனி நம் விஷயத்திற்கு வருவோம். நமக்குக் கடல் இல்லை; மேலே கோமுகி அணை இருக்கிறது. அதன் முழு உயரம் 46 அடி. மழைக்காலத்தில் 44 அடியை எட்டியதும் உபரி நீரைத் திறந்துவிடுவது வழக்கம். திறந்த நீர் ஆற்றில் எவ்வளவு உயரம் வரும் என்பதைக் கைப்பேசி வரைபடம் அறியாது. ஆகவே முன்பணம் கொடுக்கும் முன், சாலை, அந்த நிலம், ஆற்றின் கரை ஆகிய மூன்றையும் ஒரே நாளில் மட்டம் பார்க்க வேண்டுமென நிர்வாகக் குழுவைக் கேட்டுக்கொள்கிறோம். வரும் ஜும்ஆ தொழுகைக்குப் பிறகு அளவையாளர் ஒருவர் வர இசைந்திருக்கிறார், இன்ஷா அல்லாஹ். ஆற்றில் வெள்ளம் எதுவரை ஏறியது, எந்தச் சுவரை, எந்தப் புளியமரத்தைத் தொட்டது என்று நினைவிலுள்ள பெரியவர்கள் அன்று அவருடன் வந்து, அந்த இடத்தை விரலால் தொட்டுக் காட்டித் தர வேண்டும்.